என் பெயரில் படித்தவள்

1958-ஆம் வருஷம் பங்குனி பதினோராம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டுப் பட்டாசாலையில் இருந்தவர்கள்: முத்துக்குமாரசாமி ஆகிய நான், என் மனைவி உலகம்மாள், காலமான என் தம்பி சிவசைலத்தின் மைத்துனன் நம்பிராஜன், அச்சன்புதூர்க்காரன். வாசலில் கூண்டு வண்டியைப் பூட்டி நின்றவன், எங்கள் வயல் வேலைகளைப் பார்த்த கடற்கரை. தபால்காரர் மசூது பையைத் தோளில் மாட்டியபடி நடையில் நின்றார். அவரிடம் அன்று எங்கள் வீட்டுக்குத் தபால் இல்லை; இருந்தும் நின்றார். இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னால் என் தம்பி மனைவி முத்துவடிவு இருந்தாள். வேறு யாரும் இல்லை.

அங்கே இல்லாதவர்கள் பலர் அன்று நடந்ததைச் சொல்லிக்கொண்டு திரிவதால், இருந்தவன் எழுதுகிறேன்.

சிவசைலம் செங்கோட்டையில் ஒரு மரக்கடைக் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்தான். முந்தின வருஷம் பங்குனி இரண்டாம் தேதி விஷக்காய்ச்சலில் போனான். வயது முப்பத்தொன்று. பிள்ளை இல்லை. வடிவுக்கு அப்போது இருபத்துமூன்று.

எங்கள் குடும்பத்தில் புருஷனை இழந்தவள் வருஷம் திரும்பும்வரை இரண்டாங்கட்டைத் தாண்டி வருவதில்லை. தெருவாசலை மிதிப்பதில்லை. என் தாயார் அப்படி இருந்தார். என் அத்தை அப்படி இருந்தார். இன்னொரு வழக்கமும் உண்டு. தம்பி மனைவி, புருஷனின் அண்ணன் முன்னால் நிற்க மாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். வடிவு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் உள்ளே போனால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவள் என்னிடம் சொல்ல வேண்டியது உலகம்மாள் வழியாக வரும். என் பதிலும் அப்படியே போகும். இதைக் கொடுமை என்று இப்போது சொல்லுகிறார்கள். அப்போது அது மரியாதை. எனக்கு இப்போதும் மரியாதைதான்.

வைகாசி கடைசியில் ஒருநாள் மத்தியானம் உலகம்மாள் சொதியை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஒரு விசயம்."

"சொல்லு."

"நான் சொல்லல. அவ சொல்லுதா."

"என்ன சொல்லுதா?"

"வருசம் திரும்புனதும் அவ அண்ணன் வந்து அச்சன்புதூருக்குக் கூட்டிட்டுப் போயிருவானாம். அங்கன அவன் பொண்டாட்டிக்கு அஞ்சு பிள்ள, ஆறாவது வயித்துல. இவ போய் நின்னா அப்புறம் அடுக்களைய விட்டு எந்திரிக்க முடியாதுங்கா."

"பொறந்த வீடுலா?"

"பொறந்த வீடுதான். அதான் பயப்படுதா."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அதுக்கு என்னங்கா?"

"படிக்கணுங்கா. எஸ்.எஸ்.எல்.சி.யில இங்கிலீசு மட்டுந்தான் போச்சாம். அதத் தனியா எழுதித் தேறிட்டா, பாளையங்கோட்டையில வாத்திச்சி வேலைக்குப் படிக்கச் சேத்துக்கிடுவாங்களாம். அங்கனயே தங்கிக்கிடலாமாம். வேலையும் வந்துருமாம்."

"இவ்வளவும் அவளா சொன்னா?"

"பின்ன எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொல்லவே இன்னிக்குத்தான் வாய் வந்துருக்கு."

நான் கை கழுவி எழுந்துவிட்டேன். மூன்று நாள் பதில் சொல்லவில்லை. வேலை பார்த்துச் சம்பாதிக்கும் பெண் எங்கள் குடும்பத்தில் அதுவரை கிடையாது. ஆனால் அவளை அச்சன்புதூருக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவள் கைக்குழந்தைத் துணி அலசுவதை யாராவது வந்து என்னிடம் சொல்லும் நாளையும் நினைத்துப் பார்த்தேன். சிவசைலத்தின் மனைவி இன்னொருவர் வீட்டில் ஏவின வேலை செய்வது எனக்கு எந்த வகையில் கௌரவம்?

நான்காம் நாள் சரி என்றேன். ஆனால் அந்நிய ஆண் ஒருவன் வந்து அவளுக்குப் பாடம் சொல்வது முடியாது. ஊருக்குத் தெரியவும் கூடாது. ஆகவே ஒரு யோசனை செய்தேன். யோசனை என்னுடையது, வேறு யாரும் அதற்குப் பொறுப்பில்லை. வாத்தியார் எனக்குப் பாடம் சொல்லுவார். நான் பட்டாசாலையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். கதவுக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொள்வாள்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ராமசேஷன் என்று ஓர் இளவயது வாத்தியார் இருந்தார். அக்ரகாரத்துப் பையன். வீட்டார் எல்லாரும் மெட்ராசுக்குப் போய்விட, இவர் மட்டும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"அப்போ பாடம் உங்களுக்கு, பரீட்சை அவாளுக்கா?"

"ஆமா."

"நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா போறாதா பிள்ளைவாள்? நான் பாட்டுக்குச் சொல்லிண்டிருக்கேன்."

"சும்மா உக்காந்திருந்தா தெருவுல போறவன் என்ன நெனைப்பான் சார்வாள்? யாருக்குப் பாடம்னு கேப்பான். நான் வாயத் தொறந்து படிக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவரை வைத்துக்கொண்டேன்.

ஆனியில் பாடம் ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சைக்கிளில் வருவார். அது குற்றாலத்தில் சாரல் காலம். எங்கள் தெரு வழியாக அருவிக்குப் போகும் கார்களும் வண்டிகளும் ஓயாமல் போகும். ஈரத் தலையும் எண்ணெய் மினுக்குமாக ஜனங்கள் திரும்பி வருவார்கள். மேற்கே மலை முழுக்க மேகம் மூடியிருக்கும். ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து வரும் காற்று சுவரில் அடித்து, கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. நோட்டுப் புத்தகத்தின் தாள்கூட நமத்துப்போய் மை ஊறும். அருவி மூன்று மைலுக்குள் இருந்தது. வடிவு அந்த வருஷம் அதன் பேச்சை மட்டும்தான் கேட்டாள், அதுவும் தெருவில் போகிறவர்களின் பேச்சு சுவரைத் தாண்டி வந்து விழுந்தால்.

அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று வாத்தியாருக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு உலகம்மாள் வழி சொன்னாள். வடிவு கையில் பித்தளை உழக்கு ஒன்றை வைத்திருப்பாள். ஒருமுறை கதவு நிலையில் தட்டினால் புரிந்தது. இரண்டு முறை தட்டினால் மறுபடி சொல்லுங்கள்.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஊர்ப் பஞ்சாயத்தில் நான் பேசினால் மற்றவர்கள் பேசுவதை நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவன் பலகையில் சம்மணமிட்டு, 'திஸ் ஈஸ் எ கேட், தட் ஈஸ் எ ராட்' என்று கத்தினேன். தெருவில் விஷயம் பரவ எத்தனை நாள் ஆகும்? மசூது வாசலில் நின்று கேட்டார்.

"அண்ணாச்சி இங்கிலீசு படிக்கியளாமே? லண்டன்லேருந்து கடுதாசி வரும்னா முன்னாலயே சொல்லிருங்க. தனியாக் கொண்டாந்து தாரேன்."

காப்பிக் கடையில், கலெக்டர் வேலை காலியாமே அண்ணாச்சி என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு நான் காப்பிக் கடைக்குப் போவதில்லை. கார் நெல் அறுவடையில் கடற்கரையும் ஆட்களும் வரப்பில் எதையோ சொல்லிச் சிரித்து, நான் வருவதைக் கண்டு நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பு நிற்கும் இடத்தில் நிற்பது எவ்வளவு தனிமையானது என்று எனக்கு அந்த வருஷம் தெரிந்தது.

ஐப்பசியில் செயப்பாட்டு வினை வந்தது. அதுவரை வடிவுக்குத் தடை இல்லை. பழைய பாடம் ஞாபகம் இருந்தது. இந்தப் பாடம் மட்டும் அவள் பள்ளிக்கூடத்தில் கேட்காதது. அந்தப் பாடம் நடந்த வாரத்தில்தான் அவளுக்கும் சிவசைலத்துக்கும் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு நாள் பார்த்தவன் நான்.

வெளியே வடகிழக்கு மழை. வாத்தியார் தலையைத் துவட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ராமா ரைட்ஸ் எ லெட்டர். ராமன் கடிதம் எழுதறான். இப்போ கடிதத்தை முன்னாடி கொண்டு வரோம். எ லெட்டர் ஈஸ் ரிட்டன் பை ராமா. கடிதம் ராமனால் எழுதப்படுகிறது."

நான் உரக்கச் சொன்னேன். உள்ளே இரண்டு தட்டு. மறுபடி சொன்னேன். மறுபடி இரண்டு தட்டு.

"சார்வாள், எனக்கே வெளங்கல," என்றேன். "எழுதுனவன் ராமன். அவன எதுக்குக் கொண்டுபோய்க் கடைசியில நிறுத்தணும்? கடுதாசிக்கு என்ன அவ்வளவு மரியாத?"

"மரியாதை இல்லை பிள்ளைவாள். எது முக்கியமோ அது முன்னாடி வரும்."

"ஆள விடக் கடுதாசி முக்கியமா?"

"சில சமயம் ஆளைச் சொல்லாமலே விட்டுடலாம். தி டோர் வாஸ் ஷட். கதவு சாத்தப்பட்டது. அவ்வளவுதான்."

காப்பி கொண்டுவந்த உலகம்மாள் நின்றாள். "யாரு சாத்துனா?"

"அது தெரிய வேண்டாம்மா."

"நல்ல பாடந்தான். இந்த வீட்டுல யாரு சாத்துனாலும் ஏன் சாத்துனன்னு என்னையில்லா கேக்காவ."

உள்ளே சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டது. சிவசைலம் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. வாத்தியார் நோட்டைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

பத்து நாள் அதே பாடம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று உருவம். மூன்றாவது உருவம் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஈட், ஏட், ஈட்டன். டிரா, ட்ரூ, ட்ரான். நான் பட்டாசாலையில் சொல்லச் சொல்ல, அவள் நெல்குதிரின் மண்சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்ததாக உலகம்மாள் சொன்னாள். "குதிரு முழுக்க இங்கிலீசு. எலி கூடப் பயந்து வரமாட்டேங்கு."

ஒருநாள் வாத்தியார் புத்தகத்திலிருந்து மாற்றி எழுத வாக்கியங்கள் சொன்னார். நான் ஒவ்வொன்றாகக் கத்தினேன். ஐந்தாவது, 'ஹிஸ் பிரதர் டைட்.'

"அப்படின்னா?" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு மெதுவாக, "அவன் சகோதரன் இறந்துபோனான்னு அர்த்தம். இதைச் செயப்பாட்டுல மாத்த வராது பிள்ளைவாள். இதை விட்டுடலாம்," என்றார்.

உள்ளே தட்டு இல்லை. தெருவில் சைக்கிள் மணி ஒன்று போனது. வெகுநேரம் கழித்து ஒரு தட்டு வந்தது. புரிந்தது.

கார்த்திகையில், வீட்டில் அன்றாடம் நடக்கிற காரியங்களைச் செயப்பாட்டு வினையில் எழுதிக்கொண்டு வரும்படி வாத்தியார் சொன்னார். என்னிடம் சொன்னார். மறுநாள் உலகம்மாள் நோட்டை என்னிடம் கொடுத்தாள். நான் என்னுடையதைப் போல அதை வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பொருள் சொன்னார். முற்றம் தெளிக்கப்பட்டது. பசு கறக்கப்பட்டது. தண்ணீர் இறைக்கப்பட்டது. நெல் அவிக்கப்பட்டது. உளுந்து ஆட்டப்பட்டது. இப்படிப் பதினான்கு.

"பதினாலும் சரி. பேஷ். ஆனா யாரால்னு ஒண்ணுலயும் இல்லை. பரீட்சையிலே அதுவும் கேப்பான். பை போட்டு எழுதிண்டு வாங்கோ பிள்ளைவாள்."

மறுநாள் நோட்டு வந்தது. அவர் படித்தார். பை மீ. பை மீ. பை மீ. அதற்குள் எனக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. என்னால். பதினான்கில் பதினொன்று என்னால்.

வாத்தியார் நோட்டைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "பிள்ளைவாள், விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாடு கறந்து, நாப்பது குடம் தண்ணி இறைச்சு, நெல்லு அவிச்சு... இவ்வளவும் நீங்களா செய்யறேள்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெருச் சன்னல் திறந்திருந்தது, அதற்காகக் கேட்டார். நானும் அதற்காகவே, "ஆமா," என்றேன்.

"ஒரு எடத்துலயாவது எம் பேரு இருக்கா சார்வாள்?" என்று கதவருகிலிருந்து கேட்டாள் உலகம்மாள்.

"ரெண்டுல இருக்கும்மா. காப்பி போட்டதும், கோலம் போட்டதும் நீங்க. வைக்கோல் பிடுங்கினது கடற்கரை."

"அது போதும். மூதி, கோலத்த மறக்காம எழுதியிருக்காளே."

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். அவள் அவித்த நெல், அவள் இறைத்த தண்ணீர். வீட்டில் அவள் நடமாடும் சத்தம் ஆறு வருஷமாகக் கேட்டவன்தான் நான். மறுநாள் முதல் தண்ணீர் இறைக்கக் கடற்கரையின் மனைவியை வரச்சொன்னேன். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தப்பு நடந்தது தை மாதத்தில். தப்பு என்னுடையது. வாத்தியார் பரீட்சைக்கு மனுப் பூர்த்தி செய்ய வந்தார். ஆங்கிலப் பரீட்சை மார்ச் இருபத்துநாலாம் தேதி என்றார்.

"அதுக்குள்ள வருஷம் திரும்பிடுமோல்லியோ?"

"தம்பி போனது மார்ச் பதினஞ்சு," என்றேன். "ஒம்பது நாள் எடம் இருக்கு. தாராளமாப் போடுங்க."

தலைமுடி வெட்டக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிறவன் நான். எங்கள் வீட்டில் திவசம் திதிப்படிதான். சிவசைலம் போனது பங்குனி மாதத்து வளர்பிறை சதுர்த்தசி. பஞ்சாங்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. ஆறுமாதமாக இங்கிலீஷ் நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று இங்கிலீஷ் தேதி மட்டும்தான் வாயில் வந்தது.

மாசிக் கடைசியில் திவசத்துக்கு நாள் குறிக்கக் குருக்களிடம் போனேன். அவர் விரல் விட்டு எண்ணி, "இந்த வருஷம் அந்தத் திதி பங்குனி இருபத்தொண்ணுலதான் வரது," என்றார். பரீட்சை பங்குனி பதினொன்றில். இடையில் பத்து நாள்.

வீட்டுக்கு வந்தேன். பிசான நெல் அறுப்பு முடிந்து களத்தில் சூடடி நடந்துகொண்டிருந்தது. களத்துக்குப் போய் நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதர் முகத்தில் அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. உறவினர்களுக்குத் திவசத்துக்குச் சொல்லி அனுப்பினேன், பங்குனி இருபத்தொன்று என்று. அப்போதே உலகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் வடிவுக்கும் தெரியும். உழக்குத் தட்டு மட்டும் நாள் தவறாமல் கேட்டது.

பங்குனி ஐந்தாம் தேதி மசூது வாசலில் நின்று கவரைத் தூக்கிப் படித்தார்.

"முத்துவடிவு அம்மாள்! எஸ்.எஸ்.எல்.சி. பிரைவேட்டு! ஹால் டிக்கெட்டு! அண்ணாச்சி, பரீட்சை உங்களுக்கில்லியா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எட்டு மாதம் நான் பட்ட கேலி எதற்காக என்று ஒரு நொடியில் தெருவுக்குத் தெரிந்தது. மசூதுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, நான் ஒரு கோட்டி," என்று கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு தேதியையும் சேர்த்துப் பார்க்க உறவினர்களுக்கு ஒருவாரம்கூட ஆகவில்லை.

பதினோராம் தேதி முதல் பஸ்ஸில் நம்பிராஜன் வந்தான். உட்காரவில்லை. காப்பியைத் தொடவில்லை.

"அத்தான், நான் கேள்விப்பட்டது நெசமா?"

"என்ன கேள்விப்பட்டே?"

"எந் தங்கச்சி பரீட்சைக்குப் போறான்னு."

"போறா."

"வருசம் திரும்ப இன்னும் பத்து நாள் கெடக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? எங்க சின்ன ஆச்சி செத்தப்ப, முப்பது நாள் முடியாம எங்க மாமா வயலுக்குப் போனார்னு ஊர் நடுவுல நிறுத்தி வச்சு ஏன்வேன்னு கேட்டியளா இல்லியா?"

"கேட்டேன்."

"அவரு அன்னிக்குத் தலையக் குனிஞ்சவரு. இன்னும் நிமிரல. இன்னிக்கு உங்க வீட்டுக்குன்னா அது இல்லியா?"

அவன் கேட்டது சரியான கேள்வி.

"தம்பி, காப்பி ஆறுது," என்றாள் உலகம்மாள்.

"வேண்டாம் மதினி. நான் என்ன படிக்கக் கூடாதுன்னா சொல்லுதேன்? புரட்டாசியில இன்னொரு பரீட்சை உண்டாம்லா. அச்சன்புதூர்ல இருந்துக்கிட்டு எழுதட்டும்."

"உம் வீட்டுல ஆறாவது தவழுதுல்லா?"

"தவழுது. அதுக்கென்ன?"

"அதத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு அவ எங்கன உக்காந்து எழுதுவா? இல்ல, பிள்ளைய நீ வச்சிருப்பியா?"

"மதினி, இது ஆம்பளைங்க பேச்சு."

"ஆமா, துணி அலசுறதும் பொம்பளைங்க பேச்சுதான்."

"சும்மா இரு," என்றேன் உலகம்மாளிடம். வாசலில் மாடு தலையை ஆட்டியது, சலங்கை குலுங்கியது. அப்போது கதவு நிலையில் உழக்குத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு.

"அது என்ன சத்தம்?" என்றான் நம்பிராஜன்.

அவனுக்குத் தெரியாது. மறுபடி சொல்லுங்கள் என்று பொருள். அன்று காலை நான் பேசியதில் மறுபடி சொல்லத் தகுந்த சொல் ஒன்றுதான் இருந்தது. போறா என்றது. அதை நான் நம்பிராஜனிடம் சொன்னேன். அவள் தன்னிடம் சொல்லச் சொன்னாள்.

நான் கதவைப் பார்த்துத் திரும்பினேன்.

"வடிவு, புறப்படு. மணி எட்டாகப் போவுது."

அவள் பெயரை நான் அவளிடம் சொன்னது அதுவே முதல். உலகம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"வாறேன் அத்தான்."

நான் நினைத்திருந்ததைவிடக் கனத்த குரல்.

நம்பிராஜன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். வருஷத் திவசத்தன்று பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து கொடுத்துத் துக்கம் தீர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "அப்போ இருபத்தொண்ணாந் தேதி அச்சன்புதூர்லேருந்து ஒரு குஞ்சும் வராது. சேல கொண்டாரவும் ஆள் இல்ல. அவ துக்கம் தீராமலே கெடக்கட்டும். உங்க பங்காளிகள்ட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

"சொல்லு," என்றேன்.

வடிவு வெளியே வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மசூது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கடற்கரை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு கீழே குனிந்தான். ஒருவரும் அவளைப் பார்க்காமல் அவள் வாசலைத் தாண்டி வண்டியில் ஏறினாள். உலகம்மாள் தயிர்ச்சோற்றுத் தூக்கை உள்ளே நீட்டினாள். "ஏட்டி, பேனா எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

வண்டியில் எனக்கு இடம் இருந்தது. நான் ஏறவில்லை. தென்காசிவரை வண்டிக்கு முன்னால் நடந்தேன். அவளை யார் அனுப்பினது என்று எவனும் இன்னொருவனிடம் கேட்கத் தேவையில்லாமல் நடந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்களில் ஏழெட்டுப் பேர் எனக்கு வேண்டியவர்கள். ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே புங்கமரத்தடியில் காலையும் மத்தியானமும் நின்றேன். கடற்கரை, "உக்காருங்க அய்யா," என்று மூன்று தடவை சொன்னான். உட்காரவில்லை.

ராத்திரி உலகம்மாள் இலை போட்டுக்கொண்டே சொன்னாள். "செயப்பாட்டு வினையில அஞ்சு கேட்டானாம். அஞ்சும் எழுதிட்டாளாம்."

"நல்லது."

"கட்டுரைக்குப் பந்து வெளயாட்டப் பத்தி எழுதச் சொல்லிட்டானாம். அவ எந்தப் பந்தக் கண்டா? சவம், நெல்லு அவிக்கிறதப் பத்திக் கேட்டா என்ன கொள்ள?"

அவ்வளவுதான். காலையில் நேராகப் பேசியவர்கள் மறுபடி பழைய வழிக்கே வந்துவிட்டோம். அப்படி இருக்கலாம் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் தேதி திவசத்துக்கு அறுபது இலைக்குச் சமைத்தோம். உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் இருவர் சமையல்காரர்கள். பங்காளிகள் வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன, ஆட்கள் வரவில்லை. பிண்டம் வைத்து முடிந்தபின் சேலை கொடுக்கும் நேரத்தில் குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உலகம்மாள் உள்ளே போய்த் தன் தகரப்பெட்டியைத் திறந்து, அவள் பிறந்த வீட்டில் கொடுத்த அரக்குச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போனாள்.

"இந்தா, பிடி. பொறந்த வீட்டுச் சேலதான், என் பொறந்த வீடு. ஓரத்துல எலி கடிச்சிருக்கு, உள்ள மடிச்சுக் கட்டிக்கோ. அழாத, மூதி. சோறு அம்பது எல கெடக்கு. அத என்ன செய்யன்னு யோசி."

சோற்றைக் கடற்கரையின் தெருவுக்கு அனுப்பினேன்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. வடிவு கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ராமசேஷன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், அந்த ஊரில் அவர்கள் ஜாதியிலேயே கல்யாணம் செய்துகொண்டார். பொங்கலுக்குக் கார்டு போடுவார். நம்பிராஜன் என்னோடு இன்றுவரை பேசவில்லை. அவன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. உலகம்மாள் 1963-இல் காலமானாள். பங்காளிகள் அதற்கு வந்தார்கள்.

கோடை விடுமுறையில் வடிவு வருவாள். பத்து நாள் இருப்பாள். வந்ததும் இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவாள். சமைத்து இலை போட்டு வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். சோறு போதுமா என்று அவளுக்குக் கேட்க வேண்டியிருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குக் கேட்க வேண்டியிருக்கும். நடுவில் நின்று அதைக் கொண்டுபோகிறவள் இல்லை. நான் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது கல்யாண வீடுகளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லுகிறார்கள். பெரியப்பா ஊரையே எதிர்த்து அனுப்பினார், சித்தி அந்த ஒரே பரீட்சையில் ஜெயித்துக் காட்டினாள் என்று. முகூர்த்தப் பந்தலில் என் காதுபடவே சொன்னார்கள்.

அது உண்மையில்லை. அந்தப் பங்குனியில் அவள் தேறவில்லை. ஆங்கிலத்தில் முப்பத்தொரு மார்க்கு, நாலு குறைவு. அச்சன்புதூருக்கு நான் அனுப்பவில்லை. எங்கள் வீட்டிலிருந்தே புரட்டாசியில் மறுபடி எழுதித்தான் தேறினாள். அந்தத் தடவை வண்டி கட்டவில்லை. தென்காசிக்கு அவள் தனியாக நடந்து போனாள்.